கொம்பு இடம் மாறி நின்றால்: லேடெக்கில் தமிழ் கோக்கும்போது வரும் கோளாறுகள்

“நேத்து வரைக்கும் நல்லாத்தான் அண்ணாச்சி இருந்துச்சு, நான் ஒண்ணும் பண்ணலை” என்றுதான் எல்லாரும் தொடங்குவார்கள். பாளையங்கோட்டையில் அச்சுக்கோப்பு வேலை பார்க்கிற எனக்கு இது பழகிப்போன பல்லவி. ஆய்வேடு, ஊர்ப்பெயர்த் தொகுப்பு, வில்லுப்பாட்டுப் புத்தகம், கோவில் கொடைக்கு வரவு செலவு அறிக்கை என்று எது வந்தாலும் நான் வெறும் உரைக் கோப்பில் அடித்து, கட்டளைகளைப் படித்துப் பக்கம் கோக்கும் லேடெக் என்ற நிரலில்தான் கோக்கிறேன். ஆகவே கோளாறுகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். கண்ணில் படுகிற அறிகுறியை வைத்துத் தேடிப்பிடிக்க வசதியாக அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

கட்டளைப் பெயர்களைத் தமிழில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில், முன்னால் பின்சாய்கோடு போட்டுத்தான் அடிக்க வேண்டும்.

எதையும் தொடுவதற்கு முன்னால், லேடெக் தன் ஓட்டத்தைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பைத் திறந்துவிடுங்கள். மூலக்கோப்பின் பெயரிலேயே பக்கத்தில் கிடக்கும். பாதிப் பேர் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. பிடிஎஃப்பை மட்டும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். லாக்கில் ஆச்சரியக்குறியோடு தொடங்கும் முதல் வரிதான் முக்கியம். அதற்குக் கீழே நூறு பிழை இருந்தாலும் பெரும்பாலும் முதல் பிழையின் பிள்ளைகுட்டிகள்தான் அவை. அது காட்டும் வரி எண்ணில் தவறு தெரியாவிட்டால் மேலே நாலைந்து வரி ஏறிப் பாருங்கள். மூடாமல் விட்ட ஓர் அடைப்பு முந்தைய பக்கத்திலிருந்தே படுத்திக்கொண்டிருக்கலாம்.

லாக்கும் கைவிட்டால், ஆவணத்தை முடிக்கும் கட்டளையை நடுவில் கொண்டுபோய் வையுங்கள். மேல்பாதி ஓடுகிறதா? அப்படியென்றால் வில்லங்கம் கீழ்பாதியில். அதை மறுபடி பாதியாக்குங்கள். முந்நூறு பக்க ஆய்வேட்டில்கூட எட்டொன்பது தடவையில் சரியான பக்கத்துக்கு வந்துவிடலாம்.

தமிழ் ஓர் எழுத்துகூட வரவில்லை

இது இரண்டு விதமாக வரும். முதல் தமிழ் எழுத்திலேயே ஓட்டம் நின்று, “இந்த யூனிகோட் எழுத்துக்கு ஏற்பாடு இல்லை” என்ற பொருளில் பிழை வந்தால் நீங்கள் பிடிஎஃப்லேடெக் என்ற பழைய இயந்திரத்தை ஓட்டுகிறீர்கள். டொனால்டு நூத் 1978இல் லேடெக்குக்கு அடித்தளமான டெக்கை வெளியிட்ட காலத்தில் யூனிகோடே கிடையாது. அந்த வழியில் வந்த இயந்திரம் ஓர் எழுத்துருவில் 256 இடங்களைத்தான் பார்க்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், யூனிகோடு தெரிந்த ஸீலேடெக்குக்கோ லுவாலேடெக்குக்கோ மாறிவிடுங்கள். ஜொனாதன் கியூ 2004இல் ஸீடெக்கைக் கொண்டுவந்த பிறகுதான், கணினியில் நிறுவிய எழுத்துருவைப் பெயர் சொல்லி அழைத்துத் தமிழ் கோப்பது எளிதானது.

இரண்டாவது விதம், ஓட்டம் நல்லபடியாக முடிந்தும் பக்கம் வெள்ளையாகவோ கட்டம் கட்டமாகவோ இருப்பது. லாக்கில் “மிஸ்ஸிங் கேரக்டர்” என்று வரிசையாக நிற்கும். இயந்திரம் சரிதான். தமிழ் எழுத்துரு எதுவும் சொல்லாததால் அது தன் வழக்கமான லத்தீன் மாடர்ன் எழுத்துருவை எடுத்திருக்கிறது. அதில் தமிழ் இல்லை. ஃபான்ட்ஸ்பெக் தொகுப்பை (தொகுப்பு என்பது லேடெக்கோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) அழைத்து, செட்மெயின்ஃபான்ட் கட்டளையில் நோட்டோ செரிஃப் தமிழோ மீரா இனிமையோ கொடுங்கள். “ஃபான்ட் காணோம்” என்று சொன்னால் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் எஃப்சி-லிஸ்ட் கட்டளையில் மொழி தமிழ் என்று கேட்டால், கணினியில் இருக்கும் தமிழ் எழுத்துருக்களை அப்படியே பட்டியல் போட்டுவிடும். அதிலிருந்து பெயரை நகலெடுத்து ஒட்டினால் தொல்லை விட்டது.

பாண்டாக் என்ற கோப்பு மாற்றி வழியாக, மார்க்டவுன் என்ற எளிய உரை வடிவிலிருந்து வருகிறவர்களுக்கும் இதே கதைதான். பாண்டாக் தானாகப் பிடிஎஃப்லேடெக்கைத்தான் கூப்பிடும். பிடிஎஃப் இயந்திரம் ஸீலேடெக் என்று அதனிடம் சொல்ல வேண்டும், மெயின்ஃபான்ட்டையும் சொல்ல வேண்டும்.

கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது

“கெ” என்பதில் கொம்பு முன்னால் நிற்பதைக் கண்ணால் பார்க்கிறோம். கோப்புக்குள்ளோ ககரம் முதலில், கொம்பு அடுத்து. “கொ” என்றால் ககரத்துக்குப் பின்னால் ஒரே ஒரு குறி. அது இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இரு பக்கமும் போய் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது எழுத்துருவும் வடிவாக்க நிரலும் சேர்ந்துதான். “இது தமிழ்” என்று அந்த நிரலிடம் யாரும் சொல்லாவிட்டால், வந்த வரிசையிலேயே வைத்துவிடும். “கொக்கிரகுளம்” என்று எழுதினால் கொம்பும் காலும் ககரத்தின் வலப்பக்கம் போய்க் குவிந்து கிடக்கும்.

மருந்து ஒரே சொல்தான். எழுத்துருவைச் சொல்லும் கட்டளையின் விருப்பத்தில் (ஆப்ஷன்) ஸ்கிரிப்ட் சமம் தமிழ் என்று சேருங்கள். பாண்டாக்கில் மெயின்ஃபான்ட்ஆப்ஷன்ஸ் என்ற இடத்தில் அதையே கொடுக்கலாம். லுவாலேடெக்காக இருந்தால் ரெண்டரர் சமம் ஹார்ஃப்பஸ் என்பதையும் சேருங்கள். லேடெக்கை நிறுவித் தரும் டெக் லைவின் 2020 பதிப்பு முதல், லுவாலேடெக் என்று கூப்பிட்டாலே ஹார்ஃப்பஸ் என்ற வடிவாக்க நிரல் உள்ளடங்கிய இயந்திரம்தான் ஓடுகிறது. ஆனால் அதைப் பயன்படுத்தச் சொல்ல வேண்டியது நம் வேலை.

சொன்ன பிறகும் சில இடத்தில் மட்டும், அதாவது தலைப்பிலோ அடிக்குறிப்பிலோ தட்டச்சு எழுத்துருப் பகுதியிலோ கொம்பு மாறி நின்றால், அந்த இடத்துக்கு வேறு எழுத்துருக் குடும்பம் போகிறது என்று பொருள். செட்சான்ஸ்ஃபான்ட், செட்மோனோஃபான்ட் இரண்டுக்கும் அதே விருப்பத்தைக் கொடுக்க வேண்டும். மொழிகளைக் கையாளும் பாலிகிளாசியா தொகுப்பில் தமிழை முதன்மை மொழியாக வைத்திருந்தால் தமிழ்ஃபான்ட் என்ற பெயரில் குடும்பத்தை வரையறுத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் முதன்மை எழுத்துருவில் தமிழ் இல்லையே என்று அது முறையிடும்.

புள்ளிகளால் ஆன வட்டம்

எழுத்தின் ஓரத்தில் சிறு புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று வந்து அதன்மேல் காலோ விசிறியோ தொங்கினால், எழுத்துருவைத் திட்டாதீர்கள். குறிக்கு முன்னால் நிற்க வேண்டிய உயிர்மெய் இல்லை என்று எழுத்துரு நியாயமாகத்தான் சொல்கிறது. தப்பு மூலத்தில் இருக்கிறது.

அதிகம் வருவது பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையில்தான். பாமினி, வானவில் என்று ஒரு காலத்தில் ஆளுக்கொரு குறியாக்கத்தில் அடித்துவந்தோம். 1999இல் டாப், டாம் என்ற இரண்டு குறியாக்கங்களாகத் தரப்படுத்திப் பார்த்தார்கள். 2010இல்தான் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 என்ற குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. அந்தப் பழைய கோப்புகளில் கொம்பு கண்ணால் பார்க்கிற வரிசையிலேயே, மெய்க்கு முன்னால் கிடக்கும். மாற்றும் நிரல் அதைத் தூக்கிப் பின்னால் வைத்துவிடும். ஆனால் தட்டச்சு செய்தவர் கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவே தவறி ஓர் இடைவெளியோ வரி உடைப்போ விட்டிருந்தால், கொம்பு அனாதையாக நின்றுவிடும். கொம்புக்கு முன்னால் இடைவெளியோ வரித் தொடக்கமோ இருக்கும் இடங்களைக் கிரெப் என்ற தேடல் கருவியில் தேடினால் மொத்தமும் சிக்கும். தேடாமல் கண்ணால் பார்த்துத் திருத்துகிறேன் என்று உட்கார்ந்தால் கடைசி நூறு பக்கத்தில் கண் ஏமாற்றிவிடும், எனக்கு ஏமாற்றியிருக்கிறது.

இன்னொரு காரணம் நாமே செய்வது. எழுத்துக்கும் குறிக்கும் நடுவில் கட்டளையை நுழைத்துவிடுவோம். இலக்கண ஆய்வேட்டில் காலை மட்டும் சிவப்பாகக் காட்ட வேண்டும் என்று ககரத்தை அடைப்புக்கு வெளியே விட்டுக் காலை மட்டும் வண்ணக் கட்டளைக்குள் வைத்தால், வடிவாக்க நிரலுக்கு அவை இரண்டும் தனித்தனித் துண்டுகள். இயல் தொடக்கத்தில் பெரிய எழுத்து வைக்கும் லெட்ரீன் தொகுப்பிலும் இதே கூத்துதான். “கோவில்” என்பதில் முதல் எழுத்து “கோ”. அடைப்புக்குள் “கோ” முழுவதையும் கொடுக்க வேண்டும். ஆங்கிலக் கோப்பைப் பார்த்துப் பழகிய தம்பி ஒருவர் தானியங்கியாக முதல் குறியீட்டை மட்டும் வெட்டிக் கொடுத்தார். பெரிய “க” ஒன்று, பக்கத்தில் வட்டம் போட்ட ஓகாரம் ஒன்று! எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டும் சோல் தொகுப்பைத் தமிழில் தொடவே வேண்டாம். அதுவும் துண்டு துண்டாகத்தான் வெட்டும்.

வாட்சாப்பிலிருந்தும் வலைப்பக்கங்களிலிருந்தும் ஒட்டிய உரையில் கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற எழுத்துகள் ஒளிந்திருக்கும். லாக்கில் “மிஸ்ஸிங் கேரக்டர்” என்று சொல்லிவிட்டு எந்த எழுத்து என்ற இடத்தில் ஒன்றுமே இல்லாமல் காட்டினால் அதுதான். தேடி நீக்கிவிடுங்கள்.

அச்சில் சரியாக இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்திருக்கிறேன். பிழைச்செய்தி வராது, வட்டம் வராது. புத்தகம் அச்சாகி வந்த பிறகு யாராவது சொல்வார்கள்.

ஔகாரக் குறியின் வலப்பக்கத் துண்டும் ளகரமும் பார்க்க ஒன்றே. ஆகவே “மௌனம்” என்பதை மகரம், கொம்பு, ளகரம், னகரம் என்று அடித்துவிடுகிறார்கள். “கௌரி”, “பௌர்ணமி”, “வௌவால்” எல்லாம் இப்படி மாட்டும். “ஔவையார்” ஒகரமும் ளகரமுமாக நிற்பார். தாளில் வித்தியாசம் தெரியாது. கணினிக்கோ அவை வேறு வேறு சொற்கள். அகராதி வரிசையில் வேறு இடத்துக்குப் போகும். வரி உடையும்போது “மெ” ஒரு வரியிலும் “ளனம்” அடுத்த வரியிலும் விழும்.

சரி, ஒரே அடியாகக் கொம்பு-ளகரத்தை ஔகாரக் குறியாக மாற்றிவிடலாமே என்று, உரையை மொத்தமாக மாற்றும் செட் கருவியை எடுக்காதீர்கள். “வெள்ளம்”, “வெளி”, “தெளிவு” எல்லாவற்றையும் சாகடித்துவிடும். ளகரத்துக்குப் பின்னால் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருந்தால் அது உண்மையான ளகரம், விட்டுவிடுங்கள். வெறும் ளகரமாக நின்றால் மட்டும் சந்தேகப்படுங்கள். இந்த விதி எழுத்துத்தமிழுக்கு ஏறக்குறைய முழுக்கப் பொருந்தும்.

ஏறக்குறைய என்று ஏன் சொல்கிறேன் என்றால், நம் பக்கத்துப் பேச்சில் எழுதிய கதைத்தொகுப்பு ஒன்று வந்தது. அதில் “மெளகு” இருந்தது, “மெளகா” இருந்தது. மிளகும் மிளகாயும்தான். என் விதி அவற்றைப் பிடித்து “மௌகு”, “மௌகா” என்று ஆக்கிவிட்டது. அச்சில் அதே வடிவம் என்பதால் மெய்ப்பு பார்த்தவருக்கும் தெரியவில்லை. சொல்லடைவு போட்டபோதுதான் மிளகு மௌனத்தோடு போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அதிலிருந்து, கிடைத்த இடங்களை ஒரு பட்டியலாக எடுத்து, ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் மாற்றுகிறேன். இருநூறு பக்கத்துக்கு முப்பது நாற்பது இடம் வரும், கால்மணி நேர வேலை.

“ஸ்ரீ”யும் இப்படித்தான். ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஸ்ரீவைகுண்டத்தைத் தேடினால் பாதிதான் கிடைக்கும், அடைவில் அந்த ஊர் இரண்டு தடவை வரும். எதையாவது ஒன்றை முடிவு செய்து கோப்பு முழுவதும் அதையே வையுங்கள்.

ஒகர, ஓகாரக் குறிகளை ஒரே குறியாகவும் அடிக்கலாம். கொம்பு, கால் என்று இரண்டாகவும் அடிக்கலாம். யூனிகோடு இரண்டையும் சமம் என்றுதான் சொல்கிறது. சாதாரணத் தேடல் கருவிக்கு அந்தச் சமத்துவம் தெரியாது. யூகான்வ் என்ற கருவியில் என்எஃப்சி வடிவத்துக்கு ஒரு தடவை ஓட்டிவிட்டால் எல்லாம் ஒற்றைக் குறியாகிவிடும். கோப்பு கைக்கு வந்ததும் நான் செய்கிற முதல் வேலை இதுதான்.

வாக்கியத்தின் வால் காணாமல் போகிறது

“தகவலாளிகளில் 40% பேர்” என்று எழுதினால் 40 வரைக்கும்தான் வரும். லேடெக்குக்குச் சதவீதக் குறி என்றால் அங்கிருந்து வரி முடியும் வரை குறிப்புரை. வேர்டிலிருந்து ஒட்டிய உரையில் ஒரு முழுப் பத்தியே ஒரே வரி. ஆகவே பத்தியின் மீதி மொத்தமும் போய்விடும். பிழைச்செய்தியும் வராது. சதவீதக் குறி ஓர் அடைப்புக்குள் இருந்து மூடும் அடைப்பையும் விழுங்கிவிட்டால் மட்டும் “ரன்அவே ஆர்கியூமென்ட்” என்று கத்தும். அது நல்லது, கத்தாமல் விழுங்குவதுதான் ஆபத்து. குறிக்கு முன்னால் பின்சாய்கோடு போடுங்கள்.

கொடை வரவு செலவில் நன்கொடை கொடுத்த கடையின் பெயரில் “அன்ட் சன்ஸ்” என்பதற்கு உம்மைக் குறி இருந்தால் “மிஸ்பிளேஸ்ட் அலைன்மென்ட் டேப்” வரும். அட்டவணைக்குள் இருந்தாலோ சில நேரம் பிழையே வராமல் தொகை ஒரு கட்டம் தள்ளிப்போய், ஐந்நூறு ரூபாய் அடுத்த ஆள் பெயரோடு சேர்ந்தது போலத் தெரியும். கொடைக் கணக்கில் அது சின்ன விஷயம் இல்லை! மின்னஞ்சலில் உள்ள அடிக்கோடு “மிஸ்ஸிங் டாலர்” என்று சொல்லும். எண்குறி, டாலர், அலைக்கோடு எல்லாம் இந்த ரகம்தான்.

ஒட்டிய கையோடு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று உடைத்துவிட்டால், ஏதாவது விழுங்கினாலும் ஒரு வாக்கியத்தோடு போகும். மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் போட்டு வைத்திருப்பவர்களுக்கு எந்த வாக்கியம் மாறியது என்பதும் பளிச்சென்று தெரியும்.

எண்ணும் ஆங்கிலமும் ரூபாய்க் குறியும் மட்டும் இல்லை

சில தமிழ் எழுத்துருக்களில் தமிழ் மட்டும்தான் இருக்கும். ஸீலேடெக்கில் யூகார்கிளாஸஸ் தொகுப்பு, லுவாலேடெக்கில் பேபல் தொகுப்பின் ஆன்கார் விருப்பம், இரண்டில் ஒன்றைக் கொண்டு லத்தீன் எழுத்துக்குத் தனி எழுத்துரு கொடுங்கள். அல்லது இரண்டும் உள்ள எழுத்துருவாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ரூபாய்க் குறி 2010இல் வந்தது, அதற்கு முந்தைய எழுத்துருவில் தேடிப் பயனில்லை, “ரூ.” என்று போட்டுவிட்டுப் போகலாம்.

தடித்த எழுத்து தடிக்கவில்லை, சாய்வு சாயவில்லை

அந்த எழுத்துருக் குடும்பத்தில் அந்த உருவம் இல்லை. ஆட்டோஃபேக்போல்ட், ஆட்டோஃபேக்ஸ்லான்ட் என்று பொய்யாகத் தடிக்கவும் சாய்க்கவும் வழி இருக்கிறது. சாய்வுத் தமிழ் எனக்குப் பிடிக்காது. நூற்பெயரைத் தடித்த எழுத்தில் போட்டாலே போதும்.

வரி வலது ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது

லாக்கில் “ஓவர்ஃபுல் எச்பாக்ஸ்” என்று எத்தனை புள்ளி (பாயின்ட் என்ற அச்சு அளவு) வெளியே நீட்டுகிறது என்பதோடு சொல்லியிருக்கும். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்றால் கண்ணுக்கே தெரியாது, விட்டுவிடலாம். இருபது முப்பது என்றால்தான் பிரச்சினை.

தமிழில் இது ஆங்கிலத்தைவிட அதிகம் வருவதற்குக் காரணம் சொல்லின் நீளம். “கல்லிடைக்குறிச்சியிலிருந்து”, “சேரன்மகாதேவிக்காரர்களுக்கும்” மாதிரி ஒரு சொல்லே அரை வரியை அடைத்துக்கொள்ளும். அதை எங்கே உடைக்கலாம் என்று டெக்குக்குத் தெரியாவிட்டால் அப்படியே வெளியே தள்ளிவிடும். தெரியவைக்க, பாலிகிளாசியாவில் தமிழை முதன்மை மொழியாக அறிவியுங்கள். டெக் லைவோடு தமிழுக்கான சொல் உடைப்பு வடிவங்கள் வருகின்றன. மொழியைச் சொன்னால்தான் அவை வேலை செய்யும். எழுத்துருவை மட்டும் தமிழாக்கிவிட்டு மொழியை ஆங்கிலமாகவே விட்டிருப்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். மைக்டெக் என்ற இன்னொரு லேடெக் நிறுவலில் அந்தத் தொகுப்பு நிறுவப்படாமலும் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

உடைந்த பிறகு வரி முடிவில் ஒரு சிறு கோடு வருகிறதா? தமிழ் நூல்களில் கோடு போடாமல் உடைப்பதுதான் நெடுங்கால வழக்கம். ஃபான்ட்ஸ்பெக்கின் ஹைஃபன்கார் விருப்பத்தில் அகலமற்ற எழுத்து ஒன்றைக் கொடுத்தால் கோடு மறையும், உங்கள் எழுத்துருவில் அந்த எழுத்து இருந்தால். ஆய்வேடு திருத்துகிற பேராசிரியர்களில் சிலர் கோடு வேண்டும் என்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வரக்கூடாது. எங்காவது அப்படி விழுந்தால் அந்தச் சொல்லுக்கு மட்டும் ஹைஃபனேஷன் கட்டளையில் உடையும் இடங்களைக் கையால் கொடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நீட்டுகிற வரிகளுக்கு எமர்ஜென்சிஸ்ட்ரெட்ச் அளவை எம் என்ற அச்சு அலகில் மூன்று என்று வைத்துப் பாருங்கள். ஸ்லாப்பி கட்டளையை ஆவணம் முழுவதும் போடாதீர்கள்; வரி நீட்டாது, ஆனால் சொல்லுக்குச் சொல் வாய்க்கால் வெட்டியது போல வெள்ளை விழும். பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகக் கோக்கும்போது எதுவும் உதவாது. அங்கே எழுத்தளவைக் குறைப்பது அல்லது ஆசிரியரிடம் கேட்டு வாக்கியத்தை லேசாக மாற்றுவதுதான் வழி. ஈய எழுத்துக் கோத்த காலத்திலும் அதைத்தான் செய்தார்கள்.

“அத்தியாயம்” வேண்டாம், “இயல்” வேண்டும்

சாப்டர்நேம் கட்டளையை முகப்புப் பகுதியில் மாற்றினால், ஆவணம் தொடங்கும்போது மொழித்தொகுப்பு வந்து பழையபடி எழுதிவிடும். கேப்ஷன்ஸ்தமிழ் என்பதோடு ஆட்டூ கட்டளையால் சேர்த்துவிடுங்கள், நிற்கும்.

மேற்கோள் இடத்தில் இரண்டு கேள்விக்குறி

இன்னொரு தடவை ஓட்டுங்கள். இரண்டு தடவை ஓட்டியும் போகாவிட்டால் முத்திரைப் (லேபிள்) பெயரில் எழுத்துப்பிழை. பொருளடக்கம் விசித்திரமாக உடைந்தால், முந்தைய ஓட்டத்தில் உருவான ஆக்ஸ், டிஓசி கோப்புகளை அழித்துவிட்டு ஓட்டுங்கள். லேடெக்எம்கே கருவி இருந்தால் எத்தனை தடவை என்ற எண்ணிக்கையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

அடைவில் ஊர்கள் வரிசை தப்பி நிற்கின்றன

ஊர்ப்பெயர் ஆய்வு ஒன்றுக்கு அடைவு போட்டோம். 1986இல் தூத்துக்குடி பிரிவதற்கு முந்தைய பழைய மாவட்டம் முழுவதும். வந்த வரிசை இது: ஆத்தூர், ஆறுமுகநேரி, ஆலங்குளம், ஆழ்வார்குறிச்சி. தமிழ் படித்தவர் பார்த்த உடனே கேட்பார், ஆறுமுகநேரி கடைசியில் அல்லவா வர வேண்டும்? அதேபோல மானூர் மாறாந்தைக்கு முன்னால், களக்காடு கழுகுமலைக்கு முன்னால்.

அடைவை அடுக்கும் மேக்இண்டெக்ஸ் கருவி எழுத்துகளை அவற்றின் குறியெண் வரிசையில் அடுக்குகிறது. யூனிகோடில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும், ளகரம் ழகரத்துக்கு முன்னாலும் இருக்கின்றன. நம் நெடுங்கணக்கோ ய ர ல வ ழ ள ற ன என்று முடிகிறது. ஆய்தம் யூனிகோடில் அகரத்துக்கும் முன்னால் இருக்கிறது. அடுத்த சிக்கல் புள்ளி. “கல்லிடைக்குறிச்சி”யில் மெய், “கலிங்கப்பட்டி”யில் உயிர்மெய். அகராதியில் மெய்தான் முன்னால். குறியெண்ணில் புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால், கலிங்கப்பட்டி முந்திக்கொள்ளும்.

இரண்டு வழி உண்டு. அப்மென்டெக்ஸ் என்ற கருவி, மொழிவாரி வரிசை தெரிந்த ஐசியூ என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அதன் பாணிக் கோப்பில் மொழி தமிழ் என்று சொல்லலாம். ஐசியூவின் தமிழ் வரிசை நெடுங்கணக்கை ஒட்டியது, மெய்யையும் முன்னால்தான் வைக்கும்.

இன்னொரு வழி பழைய மேக்இண்டெக்ஸையே ஏமாற்றுவது. அடைவுக் கட்டளையில் அட் குறிக்கு முன்னால் வரிசைச் சாவி, பின்னால் அச்சாகும் சொல் என்று கொடுக்கலாம். மெய்களுக்குக் ககரம் 01 தொடங்கி னகரம் 18 வரை, உயிருக்குப் புள்ளி 00, அகரம் 01, ஆகாரம் 02 என்று நான்கு இலக்கமாக எழுதினால் வரிசை தானாக வந்துவிடும். “கல்” என்றால் 0101, 1300. “கலி” என்றால் 0101, 1303. தனி உயிருக்கு முன்னிரண்டு இலக்கம் 00. இதைக் கையால் எழுத வேண்டாம். பைத்தானில் இருபது வரியில் முடியும். சாவியின் தொடக்கத்தில் ஆங்கில எழுத்து ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். எண் மட்டும் இருந்தால் மேக்இண்டெக்ஸ் அதை எண்ணாகவே எடுத்துக்கொண்டு, நீளமான பெயரை எல்லாம் கடைசிக்குத் தள்ளிவிடும். எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது: திருக்குறுங்குடி ஒரு மூலையில், புளியரை வேறு மூலையில். கிரந்த எழுத்துகளை னகரத்துக்குப் பின்னால் 19 முதல் வைத்துக்கொண்டேன்.

பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் குப்பையாக வருகிறது

பிடிஎஃப்புக்குள் இருப்பது வரைந்த உருவங்களின் வரிசை. அங்கே கொம்பு உண்மையாகவே முன்னால் நிற்கிறது. ஆகவே “கெ” என்பதை நகலெடுத்தால் கொம்பு முந்தி வரும். ஸீலேடெக்கில் ஸீடெக்ஜெனரேட்ஆக்சுவல்டெக்ஸ்ட் என்ற நீளமான கட்டளைக்கு மதிப்பு 1 என்று வைத்தால், மூல உரையும் கூடவே பதிந்துவிடும். பிடிஎஃப்டுடெக்ஸ்ட் கருவியில் ஓட்டிப் பார்த்தால் சரியானதா என்று தெரிந்துவிடும். ஆய்வேட்டை மென்படியாகக் கேட்கிற காலத்தில் இதை விடக்கூடாது; கொம்பு முந்திக் கிடக்கும் ஆய்வேட்டில் “நெல்லை” என்று தேடினால் ஒன்றுகூடக் கிடைக்காது.

கடையில் அச்செடுத்தால் ஓரம் மாறிவிடுகிறது

லேடெக்கின் வழக்கமான ஆவண வகுப்புகள் நீங்கள் சொல்லாவிட்டால் அமெரிக்க லெட்டர் தாளுக்குத்தான் கணக்குப் போடும். ஏ4பேப்பர் என்ற விருப்பத்தை வகுப்புக்கே கொடுங்கள், ஓர அளவுகளை ஜியோமெட்ரி தொகுப்பில் சொல்லுங்கள். ஜியோமெட்ரி பிடிஎஃப்பின் பக்க அளவையும் சேர்த்துச் சரிசெய்துவிடும்.

அப்புறம் நகல் கடையில் “ஃபிட் டு பேஜ்” டிக் போட்டிருந்தால் எல்லாம் சுருங்கும். கட்டு ஓரத்துக்கு ஒன்றரை அங்குலம் விட்டுக் கோத்த ஆய்வேடு ஒன்று அப்படித்தான் குறுகி வந்தது, ஐந்து படிகள். கடைப் பையனிடம் “ஆக்சுவல் சைஸ்ல போடு தம்பி” என்று சொல்லி, முதல் தாளை அளவுகோல் வைத்துப் பார்த்த பிறகு மீதியை ஓட்டச் சொல்லுங்கள். எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறதா என்ற பயம் இருந்தால் வீட்டிலேயே பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கருவியை ஓட்டி, எம்ப் என்ற நெடுவரிசையில் எல்லாம் “யெஸ்” என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.